பாட்டு முதல், கல் பின்: கொல்லிமலையின் பாவையும் ஓரியும்

நாமக்கல் மாவட்டத்தின் வடகிழக்கு எல்லையில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாக, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்த மேற்பரப்புடன் எழுந்து நிற்கும் கொல்லிமலை, நெடுங்காலமாகவே ‘நாடுகள்’ எனப்படும் உட்பிரிவுகளாகப் பகுக்கப்பட்டு வந்துள்ளது. எடப்புளி நாடு, திருப்புளி நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என வழங்கும் இப்பிரிவுகள் ஒவ்வொன்றும், பள்ளத்தாக்கிலும் மேட்டிலும் சிதறிக் கிடக்கும் பல சிற்றூர்களின் தொகுதியாகும். இக்காலத்தில் இவை ஊராட்சிகளாகவும் வருவாய்க் கிராமங்களாகவும் அரசுப் பதிவேடுகளில் இடம்பெற்றிருந்தாலும், ‘நாடு’ என்னும் பின்னொட்டை மட்டும் இழக்கவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் பல ஊர்களின் தொகுதியைக் குறிக்கப் பயன்பட்ட அதே சொல், சமவெளியில் மாவட்டம், வட்டம் என்னும் பெயர்களுக்கு இடம்விட்டு மறைந்த பிறகும், இம்மலைமேல் அன்றாட முகவரியாகவே நீடிக்கிறது.

இம்மலைக்கு வரும் பயணிகள் பெரும்பாலும் நான்கு இடங்களைக் காண்கின்றனர்: செம்மேட்டில் நிற்கும் வல்வில் ஓரியின் சிலை, கொல்லிப்பாவை எனப் பலராலும் சொல்லப்படும் எட்டுக்கை அம்மன் கோயில், வளப்பூர் நாட்டுப் பெரியகோவிலூரில் உள்ள அறப்பளீசுவரர் கோயில், அதன் அருகே ஐயாறு விழும் ஆகாயகங்கை அருவி. இவற்றுள் முதல் இரண்டின் வரலாறு வழக்கமான சிலைகளின் வரலாற்றுக்கு நேர்மாறாக அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. பொதுவாக ஒரு சிலை முதலில் எழுப்பப்படுகிறது, அதைச் சுற்றிக் கதைகள் பின்னால் வளர்கின்றன. கொல்லிமலையிலோ ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பாட்டு முன்னே வந்தது, அப்பாட்டுக்கு ஏற்ற கல்லைப் பிற்காலத்தவர் தேடினர் அல்லது செய்தனர். ஒரு பாவை தேடப்பட்டது. ஒரு வீரன் செய்யப்பட்டான்.

கொல்லிப்பாவையைப் பற்றிய மிகப் பழைய சான்றுகள் சங்க இலக்கியத்தின் அகப்பாடல்களில் கிடைக்கின்றன. நற்றிணையில் 185, 192, 201 ஆகிய பாடல்களும், குறுந்தொகையில் 89, 100 ஆகியனவும், அகநானூற்றில் 62, 209 ஆகியனவும் இப்பாவையைக் குறிப்பிடுகின்றன. இவற்றைப் பாடியவர்களுள் கபிலர், பரணர், கல்லாடனார் ஆகியோர் உள்ளனர். இப்பாடல்கள் ஒன்றும் பாவையைப் பற்றி எழுதப்பட்டவை அல்ல என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். தலைவன் தான் விரும்பிய பெண்ணின் அழகைச் சொல்ல ஓர் உவமையை நாடும்போது, கேட்பவர் அனைவருக்கும் தெரிந்த ஒன்றாகக் கொல்லிப்பாவை அங்கே வந்து நிற்கிறது. உவமையாக ஒன்று பயன்பட வேண்டுமாயின் அது முன்னமே புகழ்பெற்றிருக்க வேண்டும். ஆகவே இப்புலவர்கள் காலத்திலேயே கொல்லிப்பாவை தமிழ்நாடு முழுதும் அறிந்த பெயராக இருந்தது என்பதில் ஐயமில்லை. பலர் புகழும் பாவை என்றே கல்லாடனார் அதனைச் சுட்டுகிறார்.

இப்பாடல்கள் தரும் செய்திகளைத் தொகுத்தால் பாவையின் தோற்றம் ஓரளவு தெளிவாகிறது. அது மலையின் மேற்குப் பக்கத்தில், அதாவது அக்காலத்தார் ‘குடவரை’ என்று வழங்கிய சரிவில், வெள்ளிய அருவி இறங்கும் இடத்தில் இருந்தது. அதனைச் செய்தவர் மனிதர் அல்லர்: ஒரு பாடல் தெய்வம் என்கிறது, மற்றொன்று கடவுள் என்கிறது, நற்றிணையின் 192ஆம் பாடல் பூதம் என்கிறது. இந்த மூன்றாவது பாடலில் தலைவியின் அழகுக்கு உவமையாவது பாவை மட்டுமன்று, இளவெயிலில் அது புலப்படும் காட்சி. நற்றிணையின் 201ஆம் பாடலில் பரணர், காற்று மோதினாலும் கடுமழை பொழிந்தாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் தன் அழகிய உருவம் மாறாத பாவையாக அதனைக் காட்டி, அதுபோல் அவள் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை என்று தலைவனைப் பேசவைக்கிறார். தோழன் ஒருவன், அந்தக் குறவர் மகள் கிடைத்தற்கு அரியவள், காவல் மிக்கவள், இளையவள், அவளை நினைப்பதே தகாது என்று அறிவுரை சொன்னதற்குத் தலைவன் தரும் விடை இது என்பதை அறிந்தால், பாவையின் அசையாமைக்கும் அவனுடைய பிடிவாதத்துக்கும் உள்ள பொருத்தம் விளங்கும்.

பாவை எதனால் ஆனது என்பதைப் புலவர்கள் நேராகச் சொல்லவில்லை. குறுந்தொகை 89உம் அகநானூறு 62உம் அதனை ‘எழுதிய’ பாவை என்கின்றன. எழுதுதல் என்பது அக்காலத் தமிழில் ஓவியம் வரைதலையும் குறிக்குமாதலால், பாறை முகப்பில் தீட்டப்பட்ட ஓவியமாகவோ, செதுக்கப்பட்ட புடைப்புருவமாகவோ அதனைக் கொள்ள இடமுண்டு. குறிப்பிட்ட கோணத்தில் வெயில் விழும்போது பெண்ணுருவாகத் தோன்றும் இயற்கைப் பாறையாகவும் அது இருந்திருக்கலாம். மனிதர் செய்ததாக ஒரு புலவரும் சொல்லாததும், வெயிலில் தோன்றுவது என்னும் குறிப்பும், இயற்கைச் சீற்றங்களுக்கு அது அசையாததும் இக்கருத்துக்கே அதிகம் துணை நிற்கின்றன. எவ்வாறாயினும், இப்பாடல்களில் வரும் பாவைக்குக் கோயில் இல்லை, பூசை இல்லை, ஆயுதம் இல்லை. தொலைவிலிருந்து கண்டு வியக்கத்தக்க ஓர் உருவமாகவே அது பேசப்படுகிறது.

இன்று கொல்லிமலைக்கு வரும் எவரும் கேட்கும் கதையோ வேறு. மலையின் வளத்தை நாடிவந்து தவம் செய்த முனிவர்களை அசுரர்கள் துன்புறுத்தினர். தேவதச்சனைக் கொண்டு ஒரு பெண்பாவை செய்யப்பட்டது. அப்பாவை வருபவரின் வாடை பட்டதும் நகை செய்யும், கண்ணை அசைக்கும். அந்நகையில் மயங்கி நெருங்குபவரைக் கொன்றுவிடும் என்பதே அக்கதை. சங்க நூல்களுக்குப் பிற்காலத்தில் எழுதப்பட்ட உரைகளும் விளக்கங்களும் இதனை எடுத்துச் சொல்லிப் பரப்பின. வார இதழ்த் தொடர்கதைகளும் திரைப்படப் பாட்டுகளும் எஞ்சியதைச் செய்தன. மூலப் பாடல்களில் இல்லாத கொலை எங்கிருந்து வந்தது என்பதே இங்கு எழும் வினா.

இதற்கான விடையின் ஒரு பகுதி பாடல்களுக்குள்ளேயே மறைந்திருக்கிறது. நற்றிணையின் 185ஆம் பாடலில் தலைவன் தோழியிடம் முறையிடும்போது, நுட்பமாகச் செய்யப்பட்ட பாவையை ஒத்த அப்பெண் தன்னைக் கொல்லவே எண்ணிவிட்டாள் என்று நோகிறான். இங்கே கொல்பவள் பெண், பாவையன்று. கொலையும் காதல் நோயைச் சொல்லும் மொழி வழக்கே. ஆயினும் பாவை, கொல்லி, கொலை ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் ஒலிக்கும் ஒரு பாடலைக் கேட்ட பின்னாளைய மனம், பெண்ணின் செயலைப் பாவையின் மேல் ஏற்றிவிடுவது எளிது. மற்றொரு பகுதி விடையைக் குறுந்தொகையின் 89ஆம் பாடல் தருகிறது. உலக்கை குற்றும் பெண்கள் பாடும் வள்ளைப்பாட்டைப் பற்றிய அப்பாடலில், சேரனாகிய பொறையனுடைய கொல்லிமலை, அச்சம் முதிர்ந்த மலை என அடைமொழி பெறுகிறது. பாவையோ நல்ல இயல்புடையது என்றே போற்றப்படுகிறது. அஃதாவது, அச்சம் மலைக்கு உரியதாகவும் அழகு பாவைக்கு உரியதாகவும் தனித்தனியே இருந்த நிலையை இப்பாடல் காட்டுகிறது. அடர்காடும் விலங்கும் காய்ச்சலும் நிறைந்த மலையைப் பற்றிச் சமவெளியினர் கொண்டிருந்த அச்சமும், அம்மலையிலிருந்த உருவத்தின் அழகும் காலப்போக்கில் ஒன்றாகக் கலந்தபோது, அழகால் கொல்லும் பாவை பிறந்தது எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

அக்கலப்புக்கு இயந்திரம் என்னும் கருத்தும் உதவியது. தானே இயங்கும் உருவங்களைப் பற்றிய கற்பனை பழந்தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று: பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்க உள்ளே வீரர் ஒளிந்த யானைப்பொறி செய்யப்படுகிறது, சீவக சிந்தாமணியில் கருவுற்ற அரசி மயிற்பொறியில் ஏறி வான்வழியே தப்புகிறாள், மணிமேகலையில் புகார் நகரத்துச் சக்கரவாளக் கோட்டத்தின் தூணில் இருக்கும் கந்திற்பாவை, வந்தவர்க்கு முற்பிறப்பும் வருங்காலமும் உரைக்கிறது. பாலி மொழியில் எழுதப்பட்ட உலோகபஞ்ஞத்தி என்னும் நூல், புத்தரின் எலும்புத் திருப்பொருள்களைக் காக்க நிறுத்தப்பட்ட இயந்திரக் காவலர்களைப் பற்றிப் பேசி, அவற்றைப் பூதம் இயக்கும் பொறிகள் என்னும் பொருள்படும் பெயரால் அழைப்பது, பூதம் செய்த கொல்லிப்பாவையோடு ஒப்புநோக்கத்தக்கது. இன்னும் மேற்கே, கிரேக்கரின் கதையில் கிரீட் தீவைக் காத்த தாலோசு என்னும் வெண்கல மனிதன் நாள்தோறும் மும்முறை தீவைச் சுற்றிவந்து, நெருங்கும் மரக்கலங்களின் மேல் பாறைகளை எறிந்ததாகச் சொல்லப்படுகிறது. இக்கதைகளுக்குள் நேரடித் தொடர்பு ஒன்றைக் காட்ட முயல்வது வீண். அரிய செல்வம் உள்ள இடத்துக்கு உறங்காத காவல் வேண்டும் என்னும் எண்ணம் பல நாட்டாருக்கும் தோன்றியிருக்கிறது, அவ்வளவே. ஆனால் தாலோசு கல்லெறிந்து கொல்கிறான், கொல்லிப்பாவை நகைத்துக் கொல்கிறது என்பதில், தமிழ்க் கதை தன் பிறப்பிடமாகிய அகப்பாட்டை மறக்கவில்லை என்பது தெரிகிறது.

எட்டுக்கை அம்மன் கோயிலைக் கொல்லிப்பாவையின் கோயிலாகக் கொள்ளும் வழக்கத்தை இப்பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். எட்டுக் கைகளில் படைக்கலங்கள் ஏந்திய போர்த்தெய்வமாகப் பெண்ணைக் காட்டுவது காளி, துர்க்கை வழிபாட்டுக்குரிய சிற்ப மரபு. சோழ அரசை மீண்டும் நிலைநிறுத்திய விசயாலயன் தஞ்சையில் நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுவதிலிருந்து, அத்தகைய தெய்வத்தின் செல்வாக்கு 9ஆம் நூற்றாண்டில் எவ்வளவு ஓங்கியிருந்தது என்பது புலப்படும். சங்கப்பாடல்களின் பாவைக்குக் கைகளின் எண்ணிக்கையோ படைக்கலமோ சொல்லப்படாமையால், கோயிலில் உள்ள அம்மனும் பாட்டில் உள்ள பாவையும் ஒன்றே எனச் சிற்ப இயல் அடிப்படையில் நிறுவ இயலாது. ஆயினும் இவ்வொன்றாக்கத்தைப் பிழை என்று ஒதுக்கிவிடுவதும் பொருந்தாது. பாவைக்குக் கொல்லும் திறம் ஏறிய பிறகு, அசுரரை அழிக்கும் தெய்வத்தோடு அதனை இணைப்பது வழிபடுவோருக்கு இயல்பான அடுத்த படி. முனிவரைக் காக்க அசுரரைக் கொல்லும் பாவைக் கதையும் அசுரரைக் கொல்லும் காளியின் கதையும் ஏறத்தாழ ஒரே கதைதான். வியந்து பார்க்கப்பட்ட உருவம் வணங்கப்படும் தெய்வமாக மாறிய வரலாற்றின் முடிவில் இக்கோயில் நிற்கிறது.

ஓரியின் கதை இதனினும் தெளிவானது. கொல்லிமலையையும் அதனைச் சூழ்ந்த பகுதியையும் ஆண்ட வேளிர் தலைவனாகிய ஓரி, பாரி, காரி, பேகன், ஆய், நள்ளி, அதியமான் ஆகியோரோடு சேர்த்துக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக எண்ணப்படுகிறான்; வேளிர் என்போர் மூவேந்தர்க்கு அடங்கியும் எதிர்த்தும் சிறு நிலப்பகுதிகளை ஆண்ட குடித்தலைவர்கள் ஆவர். புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் காட்டும் ஓரி வேட்டைக்காரன். அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் தைத்து நின்றதாக அப்பாடல் தொடங்குகிறது. ‘வல்வில்’ என்னும் அடைமொழிக்குப் பயணிகளிடம் சொல்லப்படும் விளக்கம் இந்த ஒரு நிகழ்ச்சியே. ஆனால் பாட்டின் உயிர் அதன் பிற்பகுதியில் இருக்கிறது.

காட்டுவழியில் அவனை எதிர்ப்பட்ட பாணர் கூட்டம் அவன் யார் என்பதை அறியவில்லை. மார்பில் பூசிய சந்தனமும் பூண்ட முத்தும் அவன் வெறும் வேட்டுவன் அல்லன் என்பதை உணர்த்த, அவர்கள் முழவு முழக்கி, யாழ் மீட்டி, துறைகள் அனைத்தும் பாடி, தலைவனே என்று விளித்தனர். தன்னையே புகழ்வதைக் கேட்ட அவன் நாணினான். பின் தான் கொன்ற மானின் இறைச்சியையும் உருக்கிய நெய்யைப் போன்ற மதுவையும் கொடுத்து, தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் அந்தக் காட்டிடையே வழங்கி அனுப்பினான். வீரனைப் பாடும் பாட்டில் வீரன் வெட்கப்படும் இடத்தை மையமாக வைத்தது வன்பரணரின் நுண்மை. இதனை அடுத்த பாடலிலோ, ஓரி கொடுத்த யானைகளும் வெள்ளி நாரில் கட்டிய பொற்பூவும் பெற்று, பசி நீங்கிய களிப்பில் பாணர் தம் ஆட்டத்தையும் பாட்டையும் மறந்துவிட்டனர் என்கிறார். கொடையின் மிகுதி கலையையே நிறுத்திவிட்டது என்னும் மெல்லிய கேலி அதில் ஒலிக்கிறது.

ஓரியின் முடிவு கொடியது. திருக்கோவலூர்ப் பகுதியை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, சேரர் பொருட்டு அவனைக் கொன்று கொல்லியை அவர்களுக்குக் கொடுத்ததாகக் கல்லாடனார் அகநானூற்றின் 209ஆம் பாடலில் கூறுகிறார். ஓரியைக் கொன்றபின் அவனுடைய பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணையின் 320ஆம் பாடலில் ஓர் உவமையாக வைத்திருக்கிறார். ஒரு நகரத்தின் வீழ்ச்சி, பரத்தை ஒருத்தி தெருவில் வந்ததால் எழுந்த சலசலப்பைச் சொல்லப் பயன்பட்டிருப்பது, அச்செய்தி எவ்வளவு பரவலாக அறியப்பட்டிருந்தது என்பதற்குச் சான்று. காரியின் குதிரைக்குக் காரி என்றும் ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் பெயர் இருந்ததைச் சிறுபாணாற்றுப்படை வழியாக அறிகிறோம். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் அதே நூலின் வள்ளல் பட்டியலில் ஒருசேரப் போற்றப்படுவது இன்றைய வாசகருக்கு வியப்பாகத் தோன்றலாம். பாணரின் கணக்கில் கொடைக்கும் போருக்கும் தனித்தனிப் பேரேடுகள் இருந்தன. கொல்லி சேரர் கைக்கு மாறிய பின் அதன் பெயர் அரச அடைமொழியாகவே ஆனது: பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் குலசேகர ஆழ்வார் தம்மைக் கொல்லியின் காவலன் எனச் சொல்லிக்கொண்டார்.

செம்மேட்டில் குதிரைமேல் வில்லுடன் விளங்கும் ஓரியின் சிலை 20ஆம் நூற்றாண்டின் படைப்பு. அதற்கு வழிவகுத்தவை இரண்டு. முதலாவது அச்சு: உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்ததற்குப் பின்பே, ஏட்டுச்சுவடிகளுக்குள் இருந்த ஓரியும் காரியும் பள்ளிப்பாடங்களுக்கும் மேடைப்பேச்சுக்கும் வந்தனர். இரண்டாவது, இலக்கிய மாந்தர்க்குச் சிலை வைக்கும் பண்பாடு: 1968இல் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் கண்ணகி, ஔவையார், திருவள்ளுவர் முதலியோர் சிலைகள் நிறுவப்பட்ட பின், பழம்பாடல்களின் தலைவர்களைக் கல்லிலும் உலோகத்திலும் காண்பது தமிழ்நாட்டு மக்களுக்குப் பழகிப்போயிற்று. உருவம் அறியப்படாத ஒருவருக்கு முகம் தருவது இம்முயற்சிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான இடர்ப்பாடு. திருவள்ளுவருக்கு ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்த முகம் நாளடைவில் எல்லோரும் ஏற்ற முகமாயிற்று. ஓரிக்கோ குதிரையும் வில்லும் அடையாளமாயின. சிறுபாணாற்றுப்படையின் குதிரையும் புறநானூற்றின் வில்லும் ஒரே உருவத்தில் கூடியிருப்பதால் அச்சிலை இலக்கியத்துக்கு மாறானது அன்று. எனினும் புறநானூற்றின் ஓரி, யாரென்று தெரியாமல் காட்டில் எதிர்ப்பட்டு, அடையாளம் காணப்பட்டபோது தலைகுனிந்தவன் என்பதை நினைத்தால், நாற்சந்தியில் எல்லோரும் காண நிற்கும் நிலை அவனுக்குச் சற்று அயலானதே.

மூன்றாவது இடமாகிய அறப்பளீசுவரர் கோயிலில், வியப்புக்குரியது மூலவரைவிட மீனைப் பற்றிய கதை. இத்தலம் தேவாரத்தில் வைப்புத்தலமாக இடம்பெறுகிறது. வைப்புத்தலம் என்பது தனக்கெனப் பதிகம் இல்லாமல் வேறு பதிகங்களின் இடையே பெயர் சுட்டப்படும் ஊராகும். அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகத்தின் பாடல்கள் இத்தல இறைவனை விளித்து முடிவதால், நல்லொழுக்கம் கற்பிக்கும் அந்நூலைத் திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்த தலைமுறையினர், மலையைப் பாராமலேயே அதன் இறைவன் பெயரை அறிந்திருந்தனர். கோயிலின் அருகே ஓடும் ஆற்றில் உள்ள மீன்களைப் பிடிப்பதில்லை. முன்னொரு காலத்தில் யாரோ அம்மீன்களைப் பிடித்து அறுத்துக் குழம்பிலிட்டபோது, துண்டான மீன்கள் மீண்டும் பொருந்தி உயிர்பெற்று நீரில் பாய்ந்தன என்றும், ஆகவே இறைவன் மீன்களிடத்தே உறைகிறான் என்றும் கூறப்படுகிறது. துங்கை ஆற்றங்கரையில் சிருங்கேரி மடத்தின் படித்துறையிலும் மீன்கள் இவ்வாறே காக்கப்படுகின்றன. கோயிலை ஒட்டிய ஆற்றுப்பகுதியை மீன்பிடிக்கு விலக்காக வைத்திருப்பதன் பயனை நீரியலார் எளிதில் விளக்குவர். ஆனால் விலக்கை நூற்றாண்டுக் கணக்கில் காத்து வந்தது விளக்கம் அன்று, குழம்புச் சட்டியிலிருந்து துள்ளிய மீனின் கதையே.

மேற்கண்ட கதைகள் எல்லாவற்றிலும் ஒரு குறை உண்டு. அவை பெரும்பாலும் மலைக்கு வெளியே இருந்தவர்களால் பாடப்பட்டவை, எழுதப்பட்டவை, நிறுவப்பட்டவை. எடப்புளி நாடு முதலான நாடுகளில் வாழும் மக்கள், அரசின் பட்டியலில் மலையாளி என்னும் பெயருடைய பழங்குடியினர்; மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்னும் பொருளில் வழங்கும் இப்பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை, அவர்கள் பேசுவது தமிழே. எட்கர் தர்சுடன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் பதிவு செய்துள்ளபடி, அவர்களுடைய தோற்றக் கதை காஞ்சிபுரத்தில் தொடங்குகிறது: பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூன்று உடன்பிறந்தார் காஞ்சியை விட்டுப் புறப்பட்டு மலையேறினர், அவர்களின் வழியினரே சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் பரவினர் என்பது அதன் சுருக்கம். இக்கதைக்கு ஓரி தேவைப்படவில்லை, பாவையும் தேவைப்படவில்லை. ஓரி ஆண்ட காலத்துக் குடிகளும் பின்னர் வந்தவர்களும் எவ்வாறு கலந்தனர் என்பது தனி ஆய்வுக்குரியது. இங்குக் குறிக்க வேண்டியது, மலைமேல் வாழ்வோரின் நினைவும் மலையைப் பற்றிய இலக்கிய நினைவும் வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து வந்தன என்பதே.

அவர்களுடைய வழிபாட்டில் ‘பெரியண்ணன்’ என்னும் பெயர் மலையுச்சியில் மாசி பெரியண்ணசாமியாக நிற்கிறது; சமவெளியில் வாழும் பல குடும்பங்களும் அவரைக் குலதெய்வமாகக் கொண்டு மலையேறி வருகின்றன. இம்மலைத்தொடரின் மற்றொரு மரபு பயணிகளின் கண்ணில் பெரும்பாலும் படுவதில்லை. சேர்வராயன் மலையிலும் அதனைச் சூழ்ந்த சேலம் பகுதி மலைகளிலும், புதிய கற்கால மக்கள் தேய்த்து மெருகேற்றிய கைக்கோடரிகள் மரத்தடிகளிலும் சிறு கோயில்களிலும் குவித்து வைக்கப்பட்டுப் பிள்ளையாராக வணங்கப்பட்டதை 19ஆம் நூற்றாண்டில் நிலவியலார் இராபர்ட் புரூசு ஃபூட் உள்ளிட்டோர் கண்டு எழுதினர். புதிய கற்காலம் என்பது வேளாண்மையும் ஆடுமாடு வளர்ப்பும் தொடங்கி, உலோகப் பயன்பாடு பரவாதிருந்த காலம். ஆகவே அக்கோடரிகள் ஓரியின் வில்லுக்கும் பாவையின் புகழுக்கும் பல நூற்றாண்டு முந்தியவை. நிலத்தை உழும்போது வெளிப்பட்ட வழவழப்பான கல் யாருடைய கருவி என்பது மறந்துபோன நிலையில், கைக்கு அடங்கும் அதன் வடிவம் வணக்கத்துக்கு உரியதாயிற்று.

மாற்றமின்றித் தொடரும் ஒன்றும் இம்மலையில் உண்டு. பரணரும் கல்லாடனாரும் கொல்லியைப் பாடும் பாடல்கள் சிலவற்றில் பாவைக்கு முன்னால் பலாமரத்தைச் சொல்கின்றனர். சிவந்த வேர்களையுடைய, பயன் மிக்க பலா என்பது அவர்கள் காலத்திலேயே கொல்லிக்கு நிலைத்த அடையாளம். இன்றும் பருவம் தொடங்கியதும் சோளக்காட்டுச் சந்தையில் குவியும் பலாப்பழங்களும், அவற்றோடு மலைவாழை, மிளகு, அன்னாசி ஆகியனவும் நாமக்கல், சேலம் வணிகர்களால் வாங்கப்பட்டுக் கீழே இறங்குகின்றன. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகள் பலவற்றில், சேலம் பகுதியின் சவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும் மரவள்ளி இடம்பிடித்திருக்கிறது. பாவையின் இருப்பிடம் ஐயத்துக்குரியதாயிருக்க, பலா மட்டும் புலவர்களுக்குச் சாட்சி சொல்கிறது.

ஆண்டுதோறும் ஆடி மாதம் 17, 18 ஆகிய நாள்களில் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. அவ்விழாவில் வில் போட்டியும் உண்டு. ஆடிப்பெருக்கு நாளில் ஆற்றில் நீராடி அறப்பளீசுவரரை வணங்க வருவோர் கூட்டமும் அதே நாள்களில் திரள்வதால், ஓரியின் பெயரால் எடுக்கப்படும் விழாவுக்கு மலையின் பழைய நாட்காட்டியே ஆள் சேர்த்துக் கொடுக்கிறது எனலாம்.

பாவையைத் தேடுவோர்க்குப் பாடல்கள் விட்டுச்சென்ற திசைக் குறிப்பு ஒன்றே ஒன்றுதான்: மேற்குச் சரிவு. ஐயாறு மலையின் கிழக்குப் புறமாகப் பாய்ந்து புளியஞ்சோலைப் பக்கம் இறங்குகிறது. ஆகாயகங்கையும் அறப்பளீசுவரர் கோயிலும் அந்த ஆற்றை ஒட்டியே உள்ளன. அதற்கு எதிர்ப்புறத்தில், மலையின் மேற்கு அடிவாரமாகிய காரவள்ளியிலிருந்து 70 கொண்டைஊசி வளைவுகளுடன் சோளக்காட்டை நோக்கி ஏறும் சாலை, பரணரும் கபிலரும் குடவரை என்று குறித்த பக்கத்திலேயே அமைந்துள்ளது. பாவையைக் காண மலையேறும் வண்டிகள், பாடல்கள் அதனை வைத்த சரிவை முதல் ஒரு மணி நேரத்திற்குள் கடந்துவிட்டு, மேலே சென்று அதனைத் தேடுகின்றன.